தாய் பாத்திரத்துக்கு நாற்பத்தொன்று

பாத்திரப் பாடல் சமநிலை வாரியத்தின் இரண்டாம் மாடி நடையில் ஒரு மர பெஞ்சு கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடும், ஆனால் ஊன்றாது. அரை மணி நேரத்தில் இடது கால் மரத்துப் போய்விடும். செய்தவர் வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா, கை தவறிச் செய்தாரா என்பது யாருக்கும் தெரியாது. நம் மெட்டுக்காரர் அதில் மொத்தம் இருபத்திரண்டு நாள் உட்கார்ந்தார். முதல் வாரம் எழுந்ததும் காலை உதறிக்கொண்டு நடந்தார். இரண்டாவது வாரம் உதறுவதை விட்டுவிட்டார். மூன்றாவது வாரம் கால் மரத்திருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

இந்த வாரியம் எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இசை நாடகங்களில் நல்ல பாட்டெல்லாம் கதாநாயகனுக்கே போய்விடுகிறது, மற்றவர்கள் ஓரமாக நின்று அவன் வாயைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எப்போதோ ஒரு நடிகை புகார் எழுதிப் போட்டாள். நியாயமான புகார்தான். நியாயமான ஒரு புகார் சர்க்கார் கையில் அகப்பட்டால் என்ன கதி அடையும் என்பதற்கு அந்த ஐந்து மாடிக் கட்டடமே சாட்சி. வாசலில் பித்தளை எழுத்தில் "யாருக்கும் கூடாமல், யாருக்கும் குறையாமல்" என்று பொறித்திருக்கிறார்கள். புகார் எழுதிய நடிகைக்குக் கடைசி வரை ஒரு பாட்டும் கிடைக்கவில்லை. அவளுடைய படத்தை மட்டும் வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

வேலை நடக்கும் முறை இதுதான். நாயகன் பிரிவு, நாயகி பிரிவு, வில்லன் பிரிவு, தாய்ப் பிரிவு, இதரர் பிரிவு என்று தனித்தனி அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்தர், அவர் கையில் கட்டைவிரலால் அழுத்துகிற ஓர் எண்ணி. பாட்டைக் கேட்கும்போது உள்ளுக்குள் ஏதாவது அசைந்தால் ஒரு முறை அழுத்த வேண்டும். அப்படி விழுகிற எண்ணுக்கு "அசைவு" என்று பெயர். ஒரு பிரிவின் எழுத்தர் மறு பிரிவின் பாட்டைக் கேட்கக் கூடாது. கேட்டால் மனசு தன்னால் ஒப்பிட ஆரம்பித்துவிடும். ஒப்பிடுவது ஆணையரின் வேலை. ஆணையரோ எந்தப் பாட்டையும் கேட்கக் கூடாது. கேட்டால் அவருக்குப் பாரபட்சம் வந்துவிடும். ஆக, கேட்கிறவர்கள் ஒப்பிடுவதில்லை, ஒப்பிடுகிறவர் கேட்பதில்லை.

நாடகத்திலுள்ள எல்லாப் பாட்டின் அசைவையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். எந்தப் பாட்டும் சராசரியைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உயரக் கூடாது. உயர்ந்தால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் திரையைத் தூக்கினால் அரங்கத்துக்குப் பூட்டு. சராசரிக்குக் கீழே போனால் என்ன என்று கேட்காதீர்கள். அதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

மெட்டுக்காரர் காலை நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், மாலையில் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு மெட்டுப் போட்டுப் பியானோ வாசிப்பவர். அவருடைய அக்கா அதே குழுவில் தையல்காரி. முப்பத்தொரு வருஷமாக ராஜாவுக்கும் சேவகனுக்கும் அவள்தான் அளவெடுத்தாள். திரைக்குப் பின்னால் பத்துப் பேர் சேர்ந்து பாடுகிற பாட்டுகளில் அவளும் ஒரு குரல். தனியாக ஒரு வரி பாடியதில்லை. இந்தத் தடவை தாய் வேடம் போட வேண்டியவள் மகளோடு இருக்கக் கிளம்பிப் போய்விட, வேடம் அக்காவின் மடியில் வந்து விழுந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் சட்டைக்கு பட்டன் தைத்தபடி தாய் பாட வேண்டும். மூன்று நிமிஷம் நாற்பது நொடி. மகனாக நடிப்பவர் குழுத்தலைவர். அவருக்கு அறுபத்திரண்டு வயது, தன் தாயைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கு நான்கு பாட்டு.

மனு போடுவதற்கு முதல் நாள் அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "டேய், பாடாமலே இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. பழகிப் போச்சு. கைக்கு வந்தப்புறம் புடுங்கிட்டாங்கன்னா நான் தாங்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"யாரு அக்கா புடுங்கப் போறாங்க? சும்மா ஒரு முத்திரைதான்" என்றார் மெட்டுக்காரர். அவருக்கு அப்போது அந்த பெஞ்சைத் தெரியாது.

அக்கா தாய்ப் பிரிவு அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று பாடிவிட்டு வந்தாள். குழுத்தலைவர் நாயகன் பிரிவுக்குப் போய்ப் பாடினார். நான்காம் நாள் முகப்பு மேசைக்காரர் மெட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"சார், நாயகனுக்குப் பத்து, ஒம்பது, பன்னெண்டு, ஒம்பது. தாய்க்கு நாப்பத்தொண்ணு."

மெட்டுக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதுதானே சார்?"

"நல்லதா? சராசரியே பதினாறுதான் வருது. பதினேழு புள்ளி எட்டுக்கு மேல போகக் கூடாது. என் சர்வீஸ்ல இவ்ளோ பெரிய மீறல நான் பாத்ததில்ல." மேசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தாய்ப் பிரிவு அம்மா அன்னிக்கு ஒரு மணி நேரம் சீட்டுல இல்ல சார். முகம் கழுவப் போயிட்டாங்க. அதுக்கு அவங்களுக்கு மெமோ வேற."

"இப்ப என்ன சார் பண்றது?"

"ரெண்டே வழி. மத்தவங்கள ஏத்துங்க, இல்லன்னா தாய இறக்குங்க. என்னக் கேட்டா, மத்த பாத்திரத்துக்கெல்லாம் ஆளுக்கொரு பாட்டு குடுங்க. வாரியத்துக்கு அது ரொம்பப் புடிக்கும்."

பாட்டு கொடுப்பதுதானே, நம் தொழில்தானே என்று மெட்டுக்காரர் உட்கார்ந்து எழுதினார். முதலில் தபால்காரர். அந்த வேடம் போடுகிறவர் பகலில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். மேடைக்கு வந்து "அம்மா, தபால்" என்று சொல்லிவிட்டுப் போகத்தான் குழுவில் சேர்ந்தார். பாட்டென்றதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"என்னால முடியாது சார். எனக்கு சுருதின்னா பயம்."

"சும்மா நாலு வரி அண்ணே. எங்க அக்காவுக்காகப் பாடுங்க."

அக்காவுக்காக என்றதும் அந்த மனிதர் மறுபேச்சு பேசவில்லை; அவர் போட்டிருந்த சீருடை அவள் தைத்தது. இதரர் பிரிவில் போய்ப் பாடினார். இரண்டு அசைவு விழுந்தது, அதில் ஒன்று தும்மல் வந்தபோது எழுத்தரின் விரல் பட்டது. வேலைக்காரிக்கு ஒரு பாட்டு எழுதினார், மூன்று. கப்பல் தலைவன் பாட்டுக்கு ஓர் அசைவு. பக்கத்து வீட்டுக்காரி பாட்டுக்கு மூன்று அசைவு. ஒன்பது பாட்டையும் கூட்டிக் கழித்து மேசைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சார், நீங்க சேக்கச் சேக்க சராசரி எறங்கிட்டே போகுது. இப்ப பத்து. வரம்பு பதினொண்ணு. முன்னாடி தாய் மட்டும்தான் மீறினாங்க. இப்ப நாயகனோட மூணாவது பாட்டும் மீறிடுச்சு, பன்னெண்டு."

இதைக் கேட்டுக் குழுத்தலைவர் கவலைப்படுவார் என்று மெட்டுக்காரர் நினைத்தார். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்து, "என்னுதும் மீறிடுச்சா? எழுத்துல குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

பிறகு முகப்பு மேசைக்காரருக்கு இன்னொரு விதி ஞாபகம் வந்தது. முதல் காட்சியில் மேடை நடுவே ஐந்து நிமிஷம் செத்துக் கிடக்கிறாரே, தாயின் கணவர், அவருக்கும் பாட்டு வேண்டும். செத்தவர் எப்படிப் பாடுவார் என்று மெட்டுக்காரர் கேட்டார். அது உங்கள் கற்பனைத் திறன், அதில் வாரியம் தலையிடாது என்று பதில் வந்தது. பிணமாகக் கிடப்பவர் படுத்தபடியே பாட ஒரு பாட்டு தயாரானது. அதைக் கேட்கத் தரைத்தளத்தில் காலஞ்சென்றோர் பிரிவு என்று தனி அறை. அங்கிருந்த எழுத்தரிடம் ஆறு வருஷமாக ஒரு கோப்பும் வந்ததில்லை. கதவைத் திறந்து ஆட்கள் உள்ளே வருவதைப் பார்த்ததும், பாட்டு ஆரம்பிக்கும் முன்பே, மனுஷன் பதினேழு தடவை அழுத்திவிட்டார். ஆக, செத்தவரும் மீறிவிட்டார்.

மீறல்கள் மூன்றாகிவிட்டன. நாடகத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான். வேறு வழியில்லாமல் மெட்டுக்காரர் அக்காவின் பாட்டை இறக்க ஆரம்பித்தார். முதலில் மேல் ஸ்தாயியை எடுத்தார். அக்கா தாய்ப் பிரிவுக்குப் போய்ப் பாடினாள், நாற்பது. இரண்டாவது சரணத்தை வெட்டினார், நாற்பத்திரண்டு. மெட்டை அடியோடு மாற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மெட்டில் போட்டார், குறையவில்லை. கடைசியில் வார்த்தைகளையும் எடுத்துவிட்டுச் சலவைப் பட்டியலை வைத்தார். சட்டை ரெண்டு, போர்வை ஒண்ணு, பட்டன் இல்லாதது ஒண்ணு.

நாற்பத்தி நாலு.

மெட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அசைத்தது மெட்டும் இல்லை, வார்த்தையும் இல்லை. இத்தனை நாளும் அந்த நாற்பத்தொன்று தன்னுடையது என்று உள்ளூர ஒரு பெருமை வைத்திருந்தார். அது ஒரு நாள் முழுக்க அவரைக் குத்தியது. அடுத்த நாள் பெஞ்சில் உட்கார்ந்ததும் அதுவும் மரத்துப் போயிற்று.

அன்றைக்குத் தாய்ப் பிரிவு அம்மா அறையை விட்டு வெளியே வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, கையில் அந்த எண்ணி.

"உங்ககூடப் பேசக் கூடாது. இருந்தாலும் கேக்கறேன். அந்தம்மா வழக்கமா எங்க பாடுவாங்க?"

"எங்கயும் பாடறதில்லம்மா. அவங்க டெய்லர்."

"எனக்கு நாலாவது மெமோ வந்துடுச்சு. குறைச்சு அழுத்துங்கறாங்க. நானும் விரல மடக்கி வெச்சுட்டுத்தான் உக்காந்தேன். நீங்க சட்டை ரெண்டுன்னு எழுதினீங்க பாருங்க…" பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார்.

இருபத்திரண்டாம் நாள் விசாரணை. ஆணையரின் அறை பெரியது. மேசை மேல் ஒரு துளி தூசி இல்லை. வலது பக்கம் ஓர் இரும்பு அலமாரி. ஆணையர் நல்ல மனிதர், மெட்டுக்காரரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நான் இந்த நாற்காலிக்கு வந்து பத்தொம்போது வருஷம் ஆகுது. ஆயிரத்துச் சொச்சம் நாடகம் ஒப்பிட்டிருக்கேன். ஒரு பாட்டு காதுல விழுந்ததில்ல. வீட்ல ரேடியோகூட வெச்சுக்கல. எம் பொண்ணு சின்னதுல பாடுவா, நிறுத்தச் சொல்லிட்டேன். இப்ப அவ பேசறதே கம்மி. பதவின்னா தியாகம் இருக்கணும் சார்."

"என் அக்காவுக்கு இது ஒரே பாட்டு சார்" என்றார் மெட்டுக்காரர். இதை அவர் அதற்கு முன் பதினான்கு பேரிடம் சொல்லியிருந்தார். பதினைந்தாவது தடவை சொல்லும்போது குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"ஒரே பாட்டா இருக்கறதுதான் பிரச்சினையே. நாலு இருந்தா நாலுக்கும் பிரிச்சுப் போட்டிருக்கலாம். பாருங்க, நாங்க யார் பாட்டையும் வெட்டச் சொல்ல மாட்டோம். வாரியத்தோட நோக்கமே அது கிடையாது. எல்லாருக்கும் பாட்டு கெடைக்கணும்னுதான் இத ஆரம்பிச்சாங்க. கீழ அந்தம்மா படம் பாத்திருப்பீங்களே. அவங்களுக்கு அநியாயம் நடந்த மாதிரி வேற யாருக்கும் நடக்கக் கூடாது. அதனால நான் என்ன முடிவு எடுத்திருக்கேன்னா, நீங்க புதுசா சேத்த அஞ்சு பாட்டையும் எடுத்துருங்க. தாயோட பாட்ட நாங்களே வெச்சுக்கறோம்."

"வெச்சுக்கறதுன்னா?"

"உச்ச மாதிரி. துணிக்கடையில மீட்டர் கம்பி இருக்கில்ல, அந்த மாதிரி. இனிமே எந்தப் பாட்டு எவ்ளோ மீறுதுன்னு இதோட வெச்சுப் பாப்போம். உங்க அக்காவுக்கு இது எவ்ளோ பெரிய கௌரவம் தெரியுமா? சீல் வெச்சு இந்த அலமாரியில பத்திரமா இருக்கும்."

"சீல் வெச்சுட்டா எப்படி சார் கேட்டு ஒப்பிடுவீங்க?"

ஆணையர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "திரும்பத் திரும்பக் கேக்கறதுலயே இருக்கீங்க."

பிறகு நாயகனின் நான்கு பாட்டை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தார். சராசரி பத்து வந்தது. மூன்றாவது பாட்டு பன்னிரண்டு, வரம்பு பதினொன்று. ஆணையர் பேனாவைத் திறந்து பன்னிரண்டைப் பத்தாகத் திருத்தினார்.

"ரெண்டுதானே. மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். "இன்னொரு விஷயம். நாடகத்தோட மொத்த நேரம் ஏற்கெனவே அங்கீகாரம் ஆயிடுச்சு. அதுல ஒரு நொடி குறையக் கூடாது. அந்த மூணு நிமிஷம் நாப்பது நொடிக்கு உங்க அக்கா மேடையிலயே உக்காரட்டும். பட்டன் தைக்கட்டும். வாய மட்டும் தொறக்க வேண்டாம்."

சான்றிதழில் முத்திரை விழுந்தது. மெட்டுக்காரர் நன்றி என்று சொன்னார். எதற்குச் சொன்னோம் என்று வாசலில் அந்தப் பித்தளை எழுத்துக்குக் கீழே நின்று யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

வீட்டில் அக்கா ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மீட்டர் கம்பி, அலமாரி, வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம். அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். தாங்க மாட்டேன் என்று சொன்னவள்தானே. அவள் கடைசிக் குண்டூசியையும் குத்தி முடித்தாள்.

"உக்கார்றதுக்கு நாற்காலியா, முக்காலியா?"

"முக்காலிக்கா."

"சரி" என்றாள். மெட்டுக்காரருக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

முதல் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முதல் காட்சிக்கு எல்லாப் பிரிவு எழுத்தர்களும் நேரில் வந்து, அவரவர் பாத்திரத்துக்கு மட்டும் அழுத்த வேண்டும் என்பது விதி. மூன்றாவது வரிசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கடைசி நாற்காலியில் காலஞ்சென்றோர் பிரிவுக்காரர், புதுச் சட்டையோடு. குழுத்தலைவர் மூன்று பாட்டைப் பாடினார். மூன்றாவது வரிசையில் அவ்வப்போது ஒரு "டிக்" கேட்டது. பூட்டுக்கடைக்காரர் "அம்மா, தபால்" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பிறகு அக்கா வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் மகனின் சட்டை. ஊசியில் நூலைக் கோத்தாள். பியானோ முன்னால் மெட்டுக்காரர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா முதல் குத்துக் குத்தி நூலை இழுத்தாள். இழுத்த நூலின் நீளத்துக்கு மூச்சை எடுத்தாள். அது பல்லவியின் முதல் மூச்சு. மெட்டுக்காரருக்கு அது தெரிந்தது. அவள் எந்த இடத்தில் நிறுத்துவாள், எந்த இடத்தில் கழுத்தைச் சாய்ப்பாள் என்பதெல்லாம் அப்படியே வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. உதடு ஒட்டியே இருந்தது. அரங்கத்தில் யாரும் இருமக்கூட இல்லை.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மூன்றாவது வரிசையில் "டிக்" என்றது. அடுத்தது. அடுத்தது. அது தாய்ப் பிரிவு அம்மா என்று பார்க்காமலே தெரிந்தது. பாட்டைக் கேட்டவர் அவர் ஒருவர்தானே. ஆனால் சத்தம் ஓர் இடத்திலிருந்து மட்டும் வரவில்லை. நாயகன் பிரிவு ஆரம்பித்தது, பின்னாலேயே வில்லன் பிரிவு, இதரர் பிரிவு, பிறகு கோடியில் இருந்தவரும் சேர்ந்துகொண்டார். பக்கத்து அறையில் தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி விடாமல் டிக் டிக் என்று கேட்டது. அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து, சட்டையை உதறி மடித்தாள். மூன்று நிமிஷம் நாற்பது நொடி. ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறு வாரம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டாள், அதனால் மெட்டுக்காரரைப் படிக்கச் சொன்னாள். அவர் தரையில் உட்கார்ந்து, சம்மணம் போட்டுக்கொண்டு, வழக்கமான குரலில் படித்தார்.

"பொருள்: தாய் பாத்திரம், பாடாமை, வரம்பு மீறல் குறித்து. மேற்படி நாடகத்தின் முதல் காட்சியை நேரில் ஆய்வு செய்ததில், தாய் பாத்திரம் பாடாதிருந்த மூன்று நிமிடம் நாற்பது நொடிகளில் அறுபத்தேழு அசைவுகள் பதிவாகியுள்ளன. இது வாரியம் தொடங்கிய நாள் முதல் எந்தப் பாத்திரத்துக்கும் பதிவாகாத எண்ணிக்கை ஆகும். தங்கள் பிரிவு அல்லாத பாத்திரத்துக்கு அழுத்தியதற்காக நான்கு எழுத்தர்களிடம் விளக்கம் கோரப்பட்டுள்ளது. எனவே சான்றிதழ் இதன் மூலம் நிறுத்தி வைக்கப்படுகிறது. தாய் பாத்திரத்தின் அமைதியை ஏழு நாட்களுக்குள் வரம்புக்குள் குறைத்து, மூன்று நகல்களில் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் மேற்படி பாத்திரத்தை நாடகத்திலிருந்து நீக்க உத்தரவிடப்படும்."

படித்து முடித்துக் காகிதத்தை மடித்தார். மறுபடி பெஞ்சு, மறுபடி முகப்பு மேசை. அமைதியை எப்படி மூன்று நகல் எடுப்பது என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இயந்திரம் நின்றிருந்தது.

"எவ்ளோன்னு போட்டிருக்கான்?"

"அறுபத்தேழுக்கா."

"பாடாமலா?"

"பாடாமத்தான்."

அக்கா சக்கரத்தின் மேலிருந்து கையை எடுத்தாள். பிறகு தோளில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டி, மேசை மேல் வைத்தாள்.

"அதக் குடு இங்க. இல்ல, நீயே வெச்சுக்க, எனக்குக் கண்ணு தெரியல. எந்தப் பாத்திரத்துக்கும் பதிவாகாத, அப்படின்னு ஒரு வரி வந்துச்சே. அதுலேர்ந்து படி."

மெட்டுக்காரர் காலை மாற்றிப் போட்டார். மரத்துக் கிடந்த இடது காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, பாதத்திலிருந்து மேலே ஏறியது. வலித்தது. அவர் காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மெதுவாப் படிடா" என்றாள் அக்கா. "அவசரம் ஒண்ணுமில்ல. ஏழு நாள் இருக்கு."